ஃப்ரீ சைஸ்

புதிதாகச் சேர்ந்திருக்கும் சேஃப்டி சூப்பர்வைசர்களுக்கு,

இப்படியெல்லாம் எழுதுவது ஓய்வு பெற்றவர்களின் வேலை. எனக்கு இன்னும் முப்பது வயது முடியவில்லை. ஆறு வருடம் இந்த பாய்லர் கான்ட்ராக்டில் இருந்துவிட்டு அடுத்த மாதம் வேறு ஊர் சைட்டுக்குப் போகிறேன். போகிறவன் ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போகட்டும் என்று ஆபீஸில் சொன்னார்கள். பெர்மிட் எழுதுவது, பெல்ட் சோதிப்பது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் ஒரு பெல்ட்டைப் பற்றியும் ஒரு போட்டோவைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன். அந்தப் போட்டோவை எடுத்தவன் நான் என்பதால் மற்றவர்களைவிட எனக்கு அதைப் பற்றி நன்றாகத் தெரியும்.

நம் வேலை முழுக்க அடுத்தவர் உடம்பின்மேல்தான் நடக்கிறது. தலைக்கு ஹெல்மெட், காலுக்கு ஷூ, தோளுக்கும் தொடைக்கும் பெல்ட். ஆனால் உடம்பைப் பற்றி யாரும் நமக்குப் பாடம் எடுப்பதில்லை. வீட்டிலிருந்து எந்தக் கண்ணைக் கொண்டுவந்தோமோ அதை வைத்துத்தான் ஆளைப் பார்க்கிறோம்.

நான் வடலூர் பக்கத்தில் வடக்குத்து என்ற ஊர்க்காரன். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு வயல் வேலை, முந்திரிக் கொல்லை வேலை என்று போனவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தது நான்தான் முதலில். எங்கள் தெருவில் ஒருவர் குண்டாக இருந்தால் அவர் வீட்டில் நெல் மூட்டை இருக்கிறது என்று பொருள். ஒல்லியாக இருப்பதற்குத் தனியாகப் பொருள் கிடையாது, எல்லோருமே ஒல்லி. டிப்ளமோ முடித்து, சேஃப்டி படித்து, நான் வேலைக்குச் சேர்ந்ததும் அம்மா சம்பளத்தைவிட என் கன்னத்தைத்தான் கவனித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதம் பொறுத்தார். கன்னத்தில் ஒன்றும் சேரவில்லை.

“கம்பெனி கேன்டீன்ல இன்னாதான்டா போடறாங்க, சோறா காத்தா?” என்றார்.

ஒரு நாள் காலையில் அவரை பைக்கில் உட்காரவைத்து டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். குவார்ட்டர்ஸ் ரோட்டில் பெரிய பெரிய ஆட்கள் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு கையை வீசி வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

“இன்னாத்துக்குடா எல்லாரும் ஓடிக்கினு இருக்காங்க? பஸ்ஸு போயிடுச்சா?”

“இல்லம்மா. உடம்பு எளைக்கறதுக்கு நடக்கறாங்க.”

ஒரு பிளாக் தாண்டும் வரை அம்மா அவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு என் முதுகைத் தட்டினார்.

“எளைக்கறதுக்கா? முந்திரிக் கொல்லைக்கு என்கூட வரச்சொல்லு. ஒரே வாரத்துல எளைச்சிக் குடுத்துடறேன்.”

நான் சிரித்தேன். ஆனால் அந்தச் சமயத்தில் நானே என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? சட்டைக்கு உள்ளே இன்னொரு சட்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு பெரியவர், “பையன் படிப்பு சரி, காத்தடிச்சா நிப்பாரா?” என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து இரண்டு சட்டை. சித்திரை மாதத்தில், பாய்லர் பக்கத்தில். சைட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக, குண்டான ஆளைப் பார்த்தால் எனக்கு வீட்டுப் பழக்கத்தில் மரியாதையும் கொஞ்சம் பொறாமையும் வரும். சேஃப்டி படிப்பில் சொல்லிக் கொடுத்தபடி பார்த்தால் அதே ஆள் ஒரு ‘ரிஸ்க்’. இந்த இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதரை நேராகப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. அதுதான் ஆரோக்கியம் அண்ணன் விஷயத்தில் நடந்தது.

ஆரோக்கியம் அண்ணன் எங்கள் நிறுவனத்தின் ஹை பிரஷர் வெல்டர். பாய்லருக்குள் ட்யூப்கள் நெருக்கமாக நிற்கும். சில இடங்களில் ட்யூபின் பின்பக்கம் கண்ணுக்கே தெரியாது. ஒரு சின்னக் கண்ணாடியைப் பின்னால் பிடித்து, அதில் தெரியும் தலைகீழ் நெருப்பைப் பார்த்துக்கொண்டு வெல்டிங் செய்யவேண்டும். எங்கள் ஆட்களில் அதை ஒரே மூச்சில் முடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய கை பெரியது, விரல் தடியானது, ஆனால் அந்த விரல்கள் கண்ணாடியைப் பிடிக்கும்போது பூ கட்டுவதுபோல இருக்கும். உடம்பும் பெரியது. மாடிப்படியில் ஏறினால் பின்னால் வருகிறவருக்கு வெளிச்சம் தெரியாது. சைட்டில் அவருக்குப் பெயர் குண்டண்ணன். அவரே போனில், “குண்டு பேசறேன்பா” என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் அவருக்கு அது வலிக்காது என்று எல்லோரும் நினைத்தோம்.

அந்த வருட ஷட்டவுனில், அதாவது பாய்லரை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கும் காலத்தில், ஒரு புது விதி வந்தது. இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட் இனி கூடாது, தோள், மார்பு, தொடை எல்லாம் சேர்த்து மாட்டும் முழு உடம்பு பெல்ட்தான் போடவேண்டும். நல்ல விதி. நான்தான் முதல் நாள் காலையில் எல்லோருக்கும் மாட்டிக் காட்டினேன். ஆரோக்கியம் அண்ணனின் முறை வந்தது. தோள்பட்டை ஏறியது. மார்புப் பட்டை பாதி வந்தது. தொடைப் பட்டை இரண்டும் ஒரு சாண் இடைவெளியில் நின்றுவிட்டன. மூச்சை இழுத்துப் பார்த்தார். மூச்சுக்கும் தொடைக்கும் என்ன சம்பந்தம்?

நம் பழக்கம் உங்களுக்குத் தெரியும். தவறைக் கண்டால் போட்டோ, அதில் சிவப்பு வட்டம், சைட் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது. நான் எடுத்தேன். வட்டம் போட்டேன். தொடைப் பட்டைக்குத்தான் போட்டதாக என் நினைப்பு, ஆனால் போன் திரையில் என் விரல் போட்ட வட்டத்துக்குள் அவர் வயிறு முழுவதும் வந்துவிட்டது. கீழே, ‘பெல்ட் சரியாக அணியவில்லை’ என்று எழுதி அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் குரூப் கலகலத்தது. ஃபிட்டர் சேகர், “மைன்ஸ்லேர்ந்து நிலக்கரி அள்ளற பக்கெட் வீல் மெஷின் வரவைங்க, அதுலதான் தூக்க முடியும்” என்று எழுதினான். அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதில் ஒன்று நான் போட்டது. இதை மறைக்காமல் எழுதவேண்டும் என்று உட்காரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

சைட் இன்ஜினியர் குரூப்பைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். பெல்ட் மாட்ட முடியாத ஆளுக்கு உயரத்தில் ஏறி வேலை செய்யப் பாஸ் கிடையாது, உடம்பைக் குறைக்கும் வரை கீழே ஹெல்பர் வேலை பார்க்கட்டும் என்றார். பன்னிரண்டு வருடம் மேலே ஏறிய வெல்டர் கீழே நின்று கம்பி தூக்குவது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைவிடப் பெரிது, ஷட்டவுன் முடிந்ததும் யார் வெல்டர் பட்டியலில் இருக்கிறார்களோ அவர்களைத்தான் அடுத்த வேலைக்கு எடுப்பார்கள். ஹெல்பராக முடித்தால் ஹெல்பர்தான்.

நான் அவருக்கு உதவுவதாக நினைத்து இன்னொரு தப்பு செய்தேன். போனில் தேடி, காலையில் என்ன, மதியம் என்ன, இரவு என்ன என்று ஒரு லிஸ்ட் எழுதினேன். அழகான கையெழுத்தில், மார்ஜின் விட்டு.

“அண்ணே, ஒரு பதினஞ்சு நாள் இதும்படி சாப்பிடுங்க. பெல்ட்டு தானா ஏறிடும்.”

அவர் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “சரி தம்பி” என்றார். அவ்வளவுதான். அன்று அவர், “குண்டு கெளம்பறேன்பா” என்று சொல்லாமல் கிளம்பியதை நான் கவனித்திருக்கவேண்டும்.

ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு, வெல்டிங் குச்சிகள் இருக்கும் எலக்ட்ரோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது படிக்கட்டில் ஏறும்போது அவருக்குக் கண் இருட்டிவிட்டது. நல்லவேளை, கைப்பிடிக் கம்பியைப் பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெட்டி மட்டும் உருண்டு வந்து என் காலடியில் நின்றது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

“உன் லிஸ்ட்டுதான் தம்பி. சீக்கிரம் எறங்கட்டும்னு அதுலயும் பாதி.”

படிக்கட்டில் ஆறாவது படி அது. அறுபதாவது மீட்டரில் நடந்திருந்தால் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் ஷிப்ட் ஆரம்பிக்கும் நேரத்தில், கேட்டில் என்னைத் தேடி ஒரு அம்மா நிற்பதாகச் சொன்னார்கள். போனேன். ஆரோக்கியம் அண்ணனின் மனைவி பிலோமினா அக்கா. கையில் நாலடுக்கு கேரியர். உயரத்திலும் பருமனிலும் இவர் அண்ணனில் பாதிதான்.

“நீங்கதான் அந்த சேப்டி சாரா?”

“ஆமாங்க்கா. சார் எல்லாம் வேணாம்.”

“சரி, வேணாம். தம்பி, இந்தக் கேரியர யாரு சாப்பிடறது?”

எனக்குப் புரியவில்லை. “அண்ணன்தாங்க்கா…”

“எங்கூட்டுக்காரரு மீன் சாப்பிட்டா முள்ள கேரியர் மூடியில ஒழுங்கா அடுக்கி வெச்சிக் குடுப்பாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான். நாலு நாளா முள்ளு டப்பாவுக்குள்ளயே கெடக்குது. வேற எவனோ தின்னுகினு இருக்கான். கேட்டா பேசமாட்டேங்கறாரு. நேத்து சட்டை தொவைக்கறப்ப பையில இது இருந்துச்சி.”

என் லிஸ்ட்டை எடுத்து நீட்டினார். தண்ணீர் பட்டு மை கரைந்திருந்தது. மார்ஜின் மட்டும் அழகாக இருந்தது.

“நீங்க எழுதனதா?”

“ஆமாங்க்கா. பெல்ட்டு பத்தல, அதான்…”

“பெல்ட்டு பத்தல.” அவர் அந்த வார்த்தையை வாயில் வைத்து மென்றார். “தம்பி, எனக்கு கல்யாணம் ஆவறப்ப அந்த மனுசன் உன்ன மாதிரிதான் இருந்தாரு. கோயில்ல மோதிரம் போட்டா கழண்டு வுழுது. எங்கம்மா அழுதுச்சி, குச்சிக்குப் பொண்ணக் குடுத்துட்டோமேன்னு. அப்ப அவரு கரும்பு வெட்டப் போயிகினு இருந்தாரு. ஒரு வேள சோறுதான். அதுக்கப்புறம் வெல்டிங் கத்துகினு, நான் ஒலை வெச்சி, வடிச்சி, கொழம்பு வெச்சி, பதினஞ்சு வருசமா நான் பாத்துப் பாத்துப் பண்ண உடம்பு அது. எங்கூரு சனம் அவரப் பாத்துட்டு, பிலோமினா கைராசின்னு சொல்லும். அத நீ பதினஞ்சு நாள்ல எறக்கித் தரச்சொல்லி சீட்டு எழுதிக் குடுத்துகினு இருக்கிற.”

கேட் செக்யூரிட்டி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது தெரிந்தது.

“டாக்டரு சொல்லட்டும், சுகரு இருக்கு, பிரஷரு இருக்குன்னு சொல்லட்டும், நானே கொறச்சிப் போடறேன். போன மாசந்தான் உங்க மெடிக்கல்ல எல்லாம் பாத்து பாஸ் பண்ணீங்க. பெல்ட்டு பத்தலன்னா பெல்ட்டப் பெருசா வாங்கு. ஜாக்கெட்டு பிடிச்சா தையக்காரன் கைய வெட்டிகினு வான்னா சொல்றான்?”

கேரியரை என் கையில் கொடுத்தார். “இத அவரு சாப்பிடறத நீ நின்னு பாரு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாலடுக்கும் சூடாக இருந்தது. அன்று மதியம் நான் நின்று பார்த்தேன். சேகர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வெறும் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நாலு நாளாக அண்ணனின் மீனைத் தின்று முள்ளை டப்பாவுக்குள் போட்டது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு அந்த அக்காவின் பேச்சில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் தையல்காரர் மறக்கவில்லை. நேராக ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம், இந்த பெல்ட்டில் வேறு அளவு உண்டா என்று கேட்டேன்.

“சாமான் வாங்கறதுக்கு எழுதற இன்டென்ட்ல ஃப்ரீ சைஸ்னுதான் போட்டிருக்கு.”

“யார் போட்டது?”

“தெரியலப்பா. போன தடவ போட்டத பாத்து இந்தத் தடவ போட்டோம். அதுக்கு முன்னாடி போட்டவங்க அதுக்கு முன்னாடி பாத்திருப்பாங்க.”

சப்ளையருக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் இருந்தவர் சாதாரணமாகச் சொன்னார், பெரிய அளவு இருக்கிறது, அதைவிடப் பெரியதும் இருக்கிறது, கூடுதல் எடை தாங்கும் கயிறோடு வரும், இதுவரை உங்கள் சைட்டிலிருந்து யாரும் கேட்கவில்லையே என்று. இத்தனை நாளும் அது ஒரு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் ஒரு மனிதரைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தோம். எந்த உடம்பை மனதில் வைத்து ஃப்ரீ சைஸ் என்று அச்சடித்தார்களோ தெரியாது. எனக்கும் அது சரியாக இருந்ததில்லை. தொடைப் பட்டையைக் கடைசி ஓட்டை வரை இழுத்து, மிச்சத்தை டேப் போட்டு ஒட்டிக்கொண்டுதான் நான் மேலே போவேன். ஆனால் பெல்ட் லொடலொடவென்று இருந்தால் யாரும் வட்டம் போடுவதில்லை.

சப்ளையர் இரண்டு விவரம் கேட்டார். தொடைச் சுற்றளவு, சரியான எடை.

ஸ்டோரில் இருந்தது ஒரே எடை மெஷின், பழைய இரும்பு எடை போடும் தராசு. அதுவும் வாசலில், எல்லோரும் டீ குடிக்கிற இடத்தில். ஆரோக்கியம் அண்ணன் அதைப் பார்த்தார்.

“ஸ்கிராப்பு போடறதுல என்ன ஏத்தறியா தம்பி?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கால் நகரவில்லை.

டீ நேரம் முடிந்து கூட்டம் கலைந்தபின் தராசை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். ஸ்டோர் அக்கா, “நான் வெளிய நிக்கறேன், யாரும் வரமாட்டாங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அப்போதும் அண்ணன் ஏறவில்லை. சரி என்று நானே முதலில் ஏறினேன்.

“அம்பத்திரண்டு” என்று படித்தார். “பரவாயில்லயே, எலும்புக்கே இவ்ளோ வருதா?”

“ஷூவோட ஏறிட்டேன்.”

ஷூவைக் கழற்றினேன். ஐம்பது. முகத்தைத் தராசு பக்கமே வைத்துக்கொண்டு மேல்சட்டையையும் கழற்றினேன். நாற்பத்தொன்பது சொச்சம். அண்ணன் தராசைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கட்டம் போட்ட இன்னொரு சட்டை, காலர் பட்டன் வரை போட்டிருந்தது.

“தம்பி, நீ இன்னா வெங்காயமா?”

“ஒல்லியா தெரியக் கூடாதுன்னு போடறதுண்ணே.”

“இந்த வெயில்லயா?”

“மூணு வருசமா.”

அவர் சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“நான் எந்த போட்டோவுலயும் முன்னாடி நிக்கமாட்டேன், பாத்திருக்கியா? யார் தோளுக்காவது பின்னாடிதான் நிப்பேன். கோயில் திருவிழான்னாலும் அப்படித்தான். நீ எடுத்தபாரு, அதுதான் நான் தனியா நின்ன மொத போட்டோ.”

நான் கழற்றிய சட்டையை மடித்துக்கொண்டு நின்றேன்.

“குண்டு குண்டுன்னு நானே சொல்லிக்கறேன்ல, அது இன்னான்னா, அவனுங்க சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிட்டா கொஞ்சம் கம்மியா இருக்கும். அவ்ளோதான்.”

பிறகு ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தராசில் ஏறி நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். நான் எண்ணைப் பார்த்துச் சப்ளையருக்கு மட்டும் அனுப்பிவிட்டு, அந்தச் செய்தியைப் போனிலிருந்து அழித்தேன். அந்த எண்ணை உங்களுக்கும் சொல்லமாட்டேன்.

அன்றே குரூப்பில் இன்னொரு போட்டோ போட்டேன். பெல்ட்டின் துணிச் சீட்டில் ஃப்ரீ சைஸ் என்று அச்சடித்திருந்த இடம், அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே இப்படி எழுதினேன்: ‘போன வாரம் நான் வட்டத்தைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டேன். குறை இங்கே இருக்கிறது. அந்தப் போட்டோவை வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். அதற்குச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.’ முதலில் சேகர், ‘அழிச்சிட்டேன்’ என்று போட்டான். ஒருவர் பின் ஒருவராக அதே வார்த்தை வந்தது.

இது இத்துடன் நல்லபடியாக முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். நம் வேலையில் சோதனை எப்போதும் சாமான் வருவதற்குச் சற்று முன்னால்தான் வரும்.

நாலாம் நாள் மதியம் பாய்லரில் தண்ணீர் ஏற்றிச் சோதித்தார்கள். மேலே, ட்யூப்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் ஒரு கசிவு. பின்பக்கம். கண்ணாடி வைத்துத்தான் பார்க்க முடியும். இரண்டு வெல்டர்கள் ஏறிப் பார்த்துவிட்டு, கை வரவில்லை என்று இறங்கிவிட்டார்கள். இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டார். அவர் நெற்றியில் வேர்வை.

“ஆரோக்கியத்தை ஏத்துங்க. பெர்மிட்ல கையெழுத்து போடுங்க.”

“சார், அவர் பெல்ட் பஸ்ல வந்துகிட்டு இருக்கு. இன்னும் ரெண்டு மணி நேரத்துல வடலூர்ல இருக்கும்.”

“இருக்கற பெல்ட்டையே மாட்டுங்க. தோள்ல மாட்டுது இல்ல? தொடைப் பட்டையை விட்டுடுங்க. பன்னெண்டு வருஷம் ஏறினவர்பா அவர்.”

“சார், தொடைப் பட்டை இல்லாம விழுந்தா பெல்ட்டு மேல நிக்கும், ஆளு கீழ போயிடுவாரு.”

“சாயங்காலத்துக்குள்ள முடியலன்னா வேற கம்பெனிலேர்ந்து வெல்டர் வருவான். அப்புறம் உங்க ஆரோக்கியத்தோட பேரு லிஸ்ட்ல இருக்காது. யோசிச்சுக்கோங்க.”

அது மிரட்டலாகச் சொன்னதில்லை. அவருக்கும் மேலே ஒருவர் போனில் இருந்தார். ஆனால் என்னைத் தடுமாறவைத்தது அவர் இல்லை. ஆரோக்கியம் அண்ணன் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் பேசினார்.

“போடு தம்பி. நான் வுழ மாட்டேன். இன்னைக்கு ஏறலன்னா அப்புறம் எப்பவும் கீழதான்.”

கேட்கிறவர் அவர், பாஸ் அவருடையது, பிழைப்பு அவருடையது. போன வாரம் அவருக்குச் செய்த தப்புக்குப் பதிலாக இன்று ஒரு கையெழுத்துப் போட்டால் கணக்கு நேராகிவிடும் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை மட்டும் நீங்கள் நம்பவேண்டாம். முதல் தடவை அவர் உடம்பைக் குற்றமாகப் பார்த்தேன். இப்போது கையெழுத்துப் போட்டால் அவர் உடம்புக்கு மட்டும் பாதுகாப்பில் பாதி போதும் என்று சொன்னதாக ஆகும். மற்றவர்களுக்கு முழு பெல்ட், அவருக்கு அரை பெல்ட். அதுவும் அதே போட்டோதான்.

“அண்ணே, ரெண்டு மணி நேரம். எனக்காக.”

பெர்மிட் புத்தகத்தை இன்ஜினியர் மேஜைமேலேயே வைத்தேன், கையெழுத்துப் போடாமல். “சார், நாலரைக்குள்ள பெல்ட்டோட வந்துடுவேன். வரலன்னா என் பேரையும் லிஸ்ட்டுல இருந்து எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். தைரியத்தில் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். சைட் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அதோடுதான் வடலூர் வரை போனேன்.

வடலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் வரவில்லை. இன்ஜினியர் மூன்று தடவை போன் செய்தார். நாலாவது தடவை மணி அடிக்கும்போது பஸ் உள்ளே நுழைந்தது. கண்டக்டர் சாக்குப் பையைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“உள்ள இன்னாபா, சங்கிலியா? திண்டிவனத்துலேர்ந்து கலகலன்னு கேட்டுக்கினே வரேன்.”

“பெல்ட்டுண்ணே.”

“இந்தப் பெல்ட்டு யாருக்கு, உனக்கா?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்று அதற்குக் கோபம் வரவில்லை.

நாலு இருபத்தைந்துக்கு சைட்டில் இருந்தேன். எல்லோரும் கீழே நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் கையை விரித்து நின்றார், நான் மாட்டினேன். தோள், மார்பு. பிறகு குனிந்து தொடைப் பட்டை. இடது பக்கம் டக். வலது பக்கம் டக். இரண்டு விரல் நுழையும் அளவு இடமும் இருந்தது. தரையிலிருந்து ஓரடி தூக்கி ஒரு நிமிடம் தொங்கவிட்டுச் சோதித்தேன். அவர் காற்றில் மெதுவாகச் சுற்றினார். யாரும் சிரிக்கவில்லை.

“இன்னாபா எல்லாரும் சாவு வூட்ல மாதிரி நிக்கறீங்க?” என்று தொங்கிக்கொண்டே கேட்டார் அவர். அதன் பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து.

நான் கையெழுத்துப் போட்டேன். அவர் ஏறினார். ஆறு மணிக்கு முன்னால், ஒரே மூச்சில், கண்ணாடியைப் பார்த்து முடித்தார். மறுபடி தண்ணீர் ஏற்றிச் சோதித்தபோது அந்த இடத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பட்டியலில் அவர் பெயர் இருந்தது. என் பெயரும் இருந்தது. இன்ஜினியர் அடுத்த இன்டென்டில் நாலு அளவு போடச் சொன்னார். ஐந்து என்றேன். ஐந்தாவது யாருக்கு என்றார். எனக்கு, சார், சின்னது, என்றேன்.

உங்களுக்கு நான் சொல்லவந்தது இதுதான். ஆளுக்கும் சாமானுக்கும் பொருந்தவில்லை என்றால் முதலில் சாமானைத் திருப்பிப் பாருங்கள். எடை கேட்கவேண்டியிருந்தால் கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறவர் உங்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். இன்னும் ஒன்று, யாருக்கும் சாப்பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுக்காதீர்கள். அதற்கு டாக்டர் இருக்கிறார், வீட்டில் பிலோமினா அக்கா இருக்கிறார்.

அன்று கீழே இறங்கியதும் அண்ணன் பெல்ட்டைக் கழற்றவில்லை.

“தம்பி, போட்டோ எடு. நான் முன்னாடியே நிக்கறேன்.”

எடுத்தேன். பின்னால் சேகரும் மற்றவர்களும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“வட்டம் வேணுமாண்ணே?”

“போடு. பக்கிள்ள போடு. போட்டு எங்கூட்டுக்கு அனுப்பு.”

இந்தத் தடவை விரலை ஜாக்கிரதையாக நகர்த்தி, டக்கென்று மாட்டிய தொடைப் பட்டையின் பக்கிளைச் சுற்றி மட்டும் வட்டம் போட்டு அக்காவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு ஒன்று வந்தது. எல்லோரும் சுற்றி நின்று கேட்டோம்.

“பெல்ட்டு நல்லாத்தான் இருக்கு. ஆளுதான் எளச்ச மாதிரி தெரியறாரு. தம்பி, நாளைக்கு ரெண்டு கேரியர் வரும், ஒண்ணு உனக்கு. முழுசா சாப்பிடு. முள்ள மூடியில வையி, நான் பாப்பேன்.”

மறுநாள் ஒரே சட்டையோடு போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். முள்ளை மூடியில்தான் வைத்தேன்.